எழுபதைத் தாண்டியவருக்கு எந்தக் காப்பீடு? ஆரியசாலைத் தெருவிலிருந்து சில கணக்குகள்

நவராத்திரிக்கு வேளிமலை குமாரசுவாமி வந்து தங்கும் ஊர் திருவனந்தபுரத்து ஆரியசாலை. ஒரு பக்கம் சாலைக் கம்போளத்தின் பலசரக்குக் கடைகளும் பாத்திரக் கடைகளும், இன்னொரு பக்கம் வலியசாலை அக்ரஹாரம், கொஞ்சம் தள்ளிக் கிள்ளிப்பாலம். 1956-ல் மாநில எல்லை மாறியபோது கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, குடும்பங்கள் இரண்டு பக்கமும் கிளைவிட்டன. அதனால் இந்தத் தெருவில் அண்ணன் நாகர்கோவில் கருவூலத்தில் தமிழ்நாட்டு பென்ஷன் வாங்குவார், தம்பி கேரள அரசின் பென்ஷன் வாங்குவார். எதிர்வீட்டு மாமா மத்திய அரசு ஆபீஸில் ஓய்வு பெற்றவர். மூலைக்கடை அண்ணாச்சிக்கோ பென்ஷன் என்ற பேச்சே கிடையாது.

இவர்கள் நாலு பேருக்கும் ஒரே வாரத்தில் நெஞ்சுவலி வந்தால், செலவுக்கு நாலு பேரும் நாலு வேறு கவுன்ட்டர்களில் நிற்க வேண்டும். அரசு மருத்துவக் காப்பீடு என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அது ஒரே திட்டம் அல்ல. ஒருவர் எங்கே வேலை பார்த்தார், அவர் குடும்பம் எந்தப் பட்டியலில் இருக்கிறது, ஆதாரில் என்ன வயது என்ற மூன்றையும் வைத்துத்தான் அவருக்குரியது எது என்று தெரியும். அதை ஆஸ்பத்திரி வாசலில், மூச்சுத் திணறும் மனிதரை வீல்சேரில் உட்கார வைத்துவிட்டுத் தேடக் கூடாது. உடம்பு நன்றாக இருக்கும் ஒரு மத்தியான நேரத்தில், பேரனையோ மகளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு தேட வேண்டும். இந்தக் கட்டுரை அந்த மத்தியானத்துக்காக.

எழுபது முடிந்தவர்களுக்கு: வய வந்தனா கார்டு

2018 செப்டம்பர் 23-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் முதலில் ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும் என்றுதான் இருந்தது. 2024 அக்டோபர் 29-ல் அதில் ஒரு பெரிய கதவு திறந்தது. 70 வயது நிறைந்த எவரும், வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் சிகிச்சை பெறலாம் என்றானது. இதற்கான அட்டைதான் ஆயுஷ்மான் வய வந்தனா கார்டு. சொந்த வீடு இருக்கிறதா, மகன் வளைகுடாவில் இருக்கிறானா, ரேஷன் கார்டு என்ன நிறம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பிரீமியம் கிடையாது. ஏற்கெனவே சர்க்கரை, இதயநோய், சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் காத்திருப்புக் காலம் கிடையாது. தனியார் பாலிசியில் இத்தனை சலுகை இந்த வயதில் எவருக்கும் கிடைக்காது. கடை நடத்தியவர், சமையல் வேலைக்குப் போனவர், தையல் மெஷினில் காலத்தைக் கழித்தவர், பூஜை செய்தவர் என்று வாழ்நாள் முழுக்க உழைத்தும் பென்ஷன் இல்லாத நடுத்தரக் குடும்பத்து முதியவர்களுக்கு நாடு முதன்முறையாகத் தந்திருக்கும் பாதுகாப்பு இது. இதை எடுத்து வைக்காமல் இருப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

5 லட்சம் எப்படிப் பங்காகிறது என்பதில் பலருக்குக் குழப்பம். குடும்பம் எந்த அரசுத் திட்டத்திலும் இல்லையென்றால், வீட்டில் 70 தாண்டியவர்களுக்கு மொத்தமாக ஆண்டுக்கு 5 லட்சம். கணவனும் மனைவியும் 70 தாண்டியவர்கள் என்றால் இருவருக்கும் சேர்த்துத்தான் அந்தத் தொகை, ஆளுக்கு ஐந்து அல்ல. குடும்பம் ஏற்கெனவே ஆயுஷ்மான் பட்டியலில் இருந்தால், அந்தக் குடும்பத்தின் 5 லட்சத்துக்கு மேல் முதியவர்களுக்கென்று தனியாக இன்னொரு 5 லட்சம் உண்டு. அதை இளையவர்கள் தொட முடியாது.

தனியார் பாலிசி வைத்திருப்பவரும், தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இருப்பவரும் இந்தக் கார்டையும் எடுக்கலாம், எதையும் விட வேண்டியதில்லை. ஆனால் சி.ஜி.எச்.எஸ். என்ற மத்திய அரசு ஊழியர் திட்டத்திலோ, முன்னாள் ராணுவத்தினருக்கான இ.சி.எச்.எஸ். திட்டத்திலோ இருப்பவர் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். சி.ஜி.எச்.எஸ்.ஸில் வெளிநோயாளி சிகிச்சையும் மாதாந்திர மாத்திரைகளும் கிடைக்கின்றன, வய வந்தனாவில் அது கிடையாது. ஆகவே ‘5 லட்சமாமே’ என்ற ஆசையில் சி.ஜி.எச்.எஸ்.ஸைக் கைவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்தத் தேர்வை ஒரு முறைதான் செய்ய முடியும் என்பதால் யோசித்துச் செய்யுங்கள்.

கேரளத்தில் இந்தத் திட்டத்தின் நிதிப் பங்கு குறித்து மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் நீண்ட வாக்குவாதம் நடந்தது. அதனால் இங்கே இருப்பவர்கள் கார்டு எடுத்த கையோடு ஒரு காரியம் செய்ய வேண்டும். கேரள சுகாதாரத் துறையின் ‘திசா’ உதவி எண்ணான 1056-க்கோ, தேசிய உதவி எண்ணான 14555-க்கோ பேசி, நம் ஊரில் எந்தெந்த ஆஸ்பத்திரி இந்தக் கார்டை ஏற்கிறது என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். மகன் சென்னையிலோ மதுரையிலோ இருக்கிறான், அங்கே போய்ச் சில மாதம் இருப்பேன் என்பவர்கள், திட்டத்தில் இணைந்த மற்ற மாநில ஆஸ்பத்திரிகளிலும் இந்தக் கார்டைக் காட்டலாம். அங்கேயும் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரேகை தேய்ந்த விரலும் இனிஷியல் சிக்கலும்

கார்டுக்கு ஆதார் ஒன்று போதும். அந்த ஆதாரில்தான் முதியவர்களுக்கு எல்லாத் தொல்லையும்.

கேரள அரசின் சேவை மையமான அக்ஷயா சென்டரில் ஒரு நாள் பார்த்த காட்சி. சாலைக் கம்போளத்தில் அரிசி மண்டியில் காலமெல்லாம் வேலை செய்த பெரியவர் ஒருவர். கைரேகை மெஷினில் விரலை வைக்கிறார், சிவப்பு விளக்கு எரிகிறது. ஈரத்துணியில் துடைத்து வைக்கிறார், மறுபடியும் சிவப்பு.

“இன்னொருக்கா அழுத்தி வைங்க அண்ணாச்சி.”

“நாப்பது வருஷம் சாக்கு இழுத்த கை மக்களே, ரேகை எங்க இருக்கப் போவுது?”

கவுன்ட்டரில் இருந்த பெண் சோர்ந்துவிடவில்லை. கண் ஸ்கேனர் இருந்தது, அதில் ஒரே முறையில் முடிந்தது. விரல் ஏற்கவில்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். கண் வழியாகவும், முகத்தைக் காட்டியும், ஆதாரோடு இணைத்த கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. மூலமாகவும் அடையாளத்தை உறுதி செய்ய வழி இருக்கிறது. கேட்க வேண்டும், அவ்வளவுதான். கைபேசி எண் பழையது என்றால், அதை ஆதாரில் மாற்றுவதுதான் முதல் வேலை. ‘ஆயுஷ்மான்’ செயலி வழியாக வீட்டிலிருந்தே மகனோ மகளோ பதிவு செய்யலாம், அதற்கும் அந்த ஓ.டி.பி.தான் சாவி.

வயது இன்னொரு தொல்லை. திட்டம் பார்ப்பது ஆதாரில் உள்ள பிறந்த தேதியைத்தான். ஆதார் எடுத்த காலத்தில் பல முதியவர்கள் தேதியே இல்லாமல் தோராயமாக ஒரு வருடத்தைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஜாதகப்படி 73 ஆனாலும் ஆதாரில் 68 என்றிருந்தால் கார்டு வராது. திருத்துவதற்குப் பள்ளிச் சான்று, பாஸ்போர்ட், பென்ஷன் ஆணை போன்ற ஓர் ஆதாரம் வேண்டும். அதைத் தேடி எடுக்கவே மாதம் ஆகலாம் என்பதால்தான் முன்கூட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.

நம் தமிழ்க் குடும்பங்களுக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டில் எடுத்த ஆதாரில் பெயருக்கு முன்னால் ஒரே இனிஷியல். இங்குள்ள ரேஷன் கார்டில் மலையாளத்தில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். பாங்க் பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். ஊர்ப் பெயரும் அப்பா பெயருமாக இரண்டு இனிஷியல் வைக்கும் குடும்பங்களில் ஒரே மனிதர் மூன்று ஆட்களாகிவிடுவார். கம்ப்யூட்டர் இதையெல்லாம் பொருத்திப் பார்த்து ஒத்துப்போகவில்லை என்றால் விண்ணப்பத்தை நிறுத்திவைக்கும். எல்லாக் காகிதங்களையும் ஒரு மேஜையில் பரப்பி, பெயர் எப்படி எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்து, ஆதாரை ஒட்டி மற்றதைத் திருத்துங்கள்.

கார்டு எடுக்க அரசு கட்டணம் வாங்குவதில்லை. ‘உங்கள் கார்டு ரெடி, ஓ.டி.பி. சொல்லுங்கள்’ என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். தனியாக இருக்கும் பாட்டிகளைத்தான் அவர்கள் குறிவைக்கிறார்கள்.

காஸ்ப் பட்டியலில் பெயர் இருக்கிறதா?

கேரளத்தில் 2019 ஏப்ரலில் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா பத்ததி தொடங்கியது. ஊரில் சொல்வது ‘காஸ்ப்’. அதற்கு முன் தனித்தனியாக இருந்த ஆர்.எஸ்.பி.ஒய்., சிஸ், சிஸ் பிளஸ், முதியோருக்கான காப்பீடு எல்லாவற்றையும் ஆயுஷ்மானோடு சேர்த்து ஒன்றாக்கினார்கள். 2020 ஜூலையிலிருந்து இன்ஷூரன்ஸ் கம்பெனி நடுவில் இல்லாமல் மாநில சுகாதார முகமையே நேரடியாக நடத்துகிறது. ஏறத்தாழ 42 லட்சம் குடும்பங்கள் இதில் உண்டு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். வயது வரம்பும் இல்லை, ஆள் எண்ணிக்கை வரம்பும் இல்லை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைப் போக்க வேண்டும். இன்று கையில் இருக்கும் ரேஷன் கார்டு மஞ்சளா பிங்க்கா என்பதை வைத்து இந்தப் பட்டியல் போடப்படவில்லை. பழைய ஆர்.எஸ்.பி.ஒய்., சிஸ் குடும்பங்களையும் 2011-ன் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பையும் வைத்துப் போட்டது. ஆகவே இன்றைக்குக் கஷ்டப்படும் குடும்பத்தின் பெயர் அதில் இல்லாமல் போகலாம், ஓரளவு நிமிர்ந்துவிட்ட குடும்பத்தின் பெயர் இருக்கலாம். நமக்குக் கிடையாது என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். ஆதாரையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு மெடிக்கல் காலேஜிலோ ஜெனரல் ஆஸ்பத்திரியிலோ காஸ்ப் கவுன்ட்டரில் கேளுங்கள். அலமாரியில் பழைய ஆர்.எஸ்.பி.ஒய். ஸ்மார்ட் கார்டு கிடந்தால் அதையும் கொண்டுபோங்கள்.

பட்டியலில் இல்லாத, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்குக் காருண்யா பெனவலன்ட் ஃபண்ட் இருக்கிறது. புற்றுநோய், இதயநோய், சிறுநீரகநோய் போன்ற பெரிய நோய்களுக்கு ஒரு முறை 2 லட்சம் வரை, சிறுநீரக மாற்றுக்கு 3 லட்சம் வரை கிடைக்கும். 70 ஆகாத, பென்ஷனும் இல்லாத மனிதருக்கு இதுவே கடைசிப் பிடிமானம். இதன் பெயரைத் தெரிந்தவர்களே ஊரில் குறைவு என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

பென்ஷன்காரர்கள் கவனிக்க வேண்டியவை

கேரள அரசு பென்ஷன்காரர்களுக்கு 2022 ஜூலை 1 முதல் மெடிசெப். முதல் கட்டத்தில் மாதம் 500 ரூபாய் பிடித்தம், ஆண்டுக்கு 3 லட்சம் காப்பீடு. இரண்டாம் கட்டத்தில் தொகையை 5 லட்சமாக உயர்த்த அரசு முடிவெடுத்தது, பிரீமியமும் அதற்கேற்பக் கூடியது. உங்கள் மெடிசெப் அட்டையில் மனைவி அல்லது கணவர் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஓய்வு பெற்றபோது ஆபீஸில் கொடுத்த விவரங்கள் கருவூலத்துக்கு வந்து சேராமலே போன வீடுகள் உண்டு.

தமிழ்நாடு அரசின் பென்ஷன் வாங்கிக்கொண்டு இங்கே குடியிருப்பவர்களுக்கு அம்மாநிலத்தின் ஓய்வூதியர் காப்பீடு. 2022 ஜூலை முதல் மாதம் 497 ரூபாய் பிடித்தார்கள். தொகை 5 லட்சம், ஆனால் அது ஆண்டுக்கு அல்ல, 4 ஆண்டுக் காலம் முழுமைக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல், ‘எனக்கு வருஷத்துக்கு அஞ்சு லட்சம் இருக்கு’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. அட்டையில் எழுதியுள்ள காலம் எப்போது முடிகிறது என்பதையும், திருவனந்தபுரத்தில் எந்த ஆஸ்பத்திரி அந்தக் காப்பீட்டில் சேர்ந்தது என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள். அருகில் இல்லையென்றால் நாகர்கோவிலோ திருநெல்வேலியோ போக வேண்டிவரும்.

இ.எஸ்.ஐ. பற்றி யாரும் சொல்வதே இல்லை. ஜவுளிக் கடையிலோ கம்பெனியிலோ வேலை பார்த்து, குறைந்தது 5 ஆண்டு இ.எஸ்.ஐ.யில் இருந்து, வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர் ஆண்டுக்கு வெறும் 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைக்கும் இ.எஸ்.ஐ. சிகிச்சை தொடரும். பேரூர்க்கடையில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. சாலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற எத்தனையோ பேர் இந்த 120 ரூபாயைத் தெரியாமல் விட்டிருக்கிறார்கள்.

அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவே

உண்மையான பள்ளம் இங்கேதான். 63 வயது, பென்ஷன் இல்லை, காஸ்ப் பட்டியலில் இல்லை, வருமானம் 3 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டிவிட்டது. இவருக்கு அரசின் எந்தக் காப்பீடும் இல்லை, 70 ஆகும்வரை காத்திருக்க வேண்டும். பைபாஸும் பக்கவாதமும் மூட்டு மாற்றும் 70 வரை காத்திருப்பதில்லை. வயது வரம்பை 60-க்கு இறக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை, மூத்த குடிமக்கள் சங்கங்கள் அதை விடாமல் கேட்க வேண்டும்.

அதுவரை தனியார் பாலிசிதான் வழி, அதில் விதிகள் முன்னைவிட நமக்குச் சாதகம். 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 65 வயதுக்கு மேல் புதிய பாலிசி இல்லை என்ற நிலையை எடுத்துவிட்டது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 3 ஆண்டு. தொடர்ந்து 5 ஆண்டு பிரீமியம் கட்டிவிட்டால், மோசடி நிரூபணமானால் ஒழிய, நோயை மறைத்தீர்கள் என்று சொல்லி க்ளெய்மை மறுக்க முடியாது. 2025 ஜனவரியில் வந்த உத்தரவுப்படி, மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் கம்பெனிகள் தம் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது, ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. 3 ஆண்டு காத்திருப்பைக் கணக்குப் போட்டால், 60-ல் எடுப்பவருக்கும் 67-ல் எடுப்பவருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று புரியும்.

பாலிசி வாங்கும்போது அறை வாடகை வரம்பைக் கட்டாயம் பாருங்கள். 3 லட்ச ரூபாய் பாலிசியில் அறைக்கு 1 சதவீதம், அதாவது நாளுக்கு 3,000 என்று வரம்பு இருக்கிறது. நீங்கள் 6,000 ரூபாய் அறையில் தங்குகிறீர்கள். கம்பெனி கழிப்பது அந்த அதிகப்படி 3,000-ஐ மட்டும் அல்ல. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் என்று அறையோடு சேர்ந்து ஏறும் கட்டணங்களையும் பாதியாக்கிவிடும். ‘ஏசி ரூம் எடுத்தோம், அதனால ஒரு லட்சம் போச்சு’ என்று பிள்ளைகள் தலையில் கைவைப்பது இதனால்தான். ‘கோ-பே’ என்று, பில்லில் ஒரு பங்கை நாமே கட்டும் நிபந்தனையும் மூத்தோர் பாலிசிகளில் வழக்கம். முகவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, அச்சில் இருப்பதைப் பேரனை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம்.

ஏற்கெனவே பாலிசி ஓடிக்கொண்டிருக்கும்போது 70 வந்துவிட்டது, வய வந்தனாவும் கிடைத்துவிட்டது, பிரீமியத்தை நிறுத்திவிடலாமா? கட்ட வசதி இருந்தால் நிறுத்தாதீர்கள் என்பேன். நீங்கள் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரி அரசுப் பட்டியலில் இல்லாமல் போகலாம். ஒருமுறை விட்ட பாலிசியை அந்த வயதில் மறுபடி எடுத்தால் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும்.

அட்மிஷன் நாளில்

ஆயுஷ்மானும் காஸ்பும் ரொக்கமில்லாச் சிகிச்சைக்கு மட்டும். பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு பில்லைக் காட்டித் திரும்பப் பெறும் வழி அவற்றில் கிடையாது. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள், ஏனென்றால் பதற்றத்தில் பிள்ளைகள் முதலில் செய்வது ஏ.டி.எம். கார்டைத் தேய்ப்பதுதான். படுக்கையில் சேர்த்ததும், ஒருவர் நோயாளியோடு இருக்க, இன்னொருவர் ஆதாரையும் கார்டையும் எடுத்துக்கொண்டு திட்டக் கவுன்ட்டருக்குப் போக வேண்டும். சிகிச்சைக்கு முன்அனுமதி கேட்டாயிற்றா என்று அவரே கேட்க வேண்டும்.

நோயைப் பொறுத்து ‘பேக்கேஜ்’ என்று ஒரு தொகை நிர்ணயித்திருக்கிறார்கள். அறை, மருந்து, பரிசோதனை, ஆபரேஷன், உள்ளே பொருத்தும் ஸ்டென்ட் எல்லாம் அதற்குள் அடக்கம். அட்மிஷனுக்கு முந்தைய 3 நாள் செலவும், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 15 நாள் மருந்தும்கூட அதில் சேர்ந்தவை. அந்தப் பதினைந்து நாள் மாத்திரையைக் கேட்டு வாங்காமல் வந்துவிடுபவர்கள்தான் அதிகம். டயாலிசிஸ் போன்ற, அன்றே போய் அன்றே திரும்பும் சிகிச்சைகளும் உண்டு. பேக்கேஜில் அடங்கிய சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள், உடனே 14555-க்கோ 1056-க்கோ பேசுங்கள். தனியார் பாலிசியில் தகராறு என்றால், முதலில் கம்பெனிக்கு எழுதி, 30 நாளில் தீர்வு வராவிட்டால் கொச்சியில் உள்ள இன்ஷூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை.

காப்பீடு தொடாத மாத்திரைச் செலவு

மேலே சொன்ன திட்டங்களில் பெரும்பாலானவை படுத்தால்தான் பணம் தரும். பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மாத்திரைக்கு ஒன்றும் கிடையாது. ஒரு முதிய தம்பதியின் மாதச் செலவில் நிரந்தரமாகக் கரைவது அந்த மாத்திரைப் பணம்தான். அதை மிச்சம் பிடிக்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை போடுபவர்களை நான் அறிவேன். ஸ்ட்ரோக்கில் கொண்டுபோய் விடும் சிக்கனம் அது.

கேரள சமூகப் பாதுகாப்பு மிஷன் நடத்தும் ‘வயோமித்ரம்’ 65 தாண்டிய நகரவாசிகளுக்கானது. நடமாடும் கிளினிக் வண்டி குறிப்பிட்ட நாள்களில் குறிப்பிட்ட இடத்துக்கு வரும், டாக்டர் பார்ப்பார், பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் இலவசமாகத் தருவார்கள். வீட்டோடு படுத்திருப்பவர்களுக்குப் பாலியேட்டிவ் கவனிப்பும் உண்டு. ஆரியசாலை மாநகராட்சிக்குள் இருப்பதால் நமக்கும் இது உரியது. வண்டி எங்கே, எந்தக் கிழமை நிற்கும் என்பதை வார்டு கவுன்சிலரிடமோ ஆஷா பணியாளரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றால் காருண்யா பார்மசியிலும் ஜன் ஔஷதி கடையிலும் வாங்குங்கள், விலை நன்றாகக் குறையும். புற்றுநோய் மருந்துகளுக்கு 2024 ஆகஸ்டில் ‘காருண்ய ஸ்பர்சம்’ என்ற பெயரில் லாபம் வைக்காத கவுன்ட்டர்களைச் சில காருண்யா பார்மசிகளில் திறந்திருக்கிறார்கள். சீட்டை எடுத்துக்கொண்டு போகும்போது மருந்தின் பிராண்ட் பெயரோடு மூலப்பெயரையும் எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள், ஜன் ஔஷதி கடையில் தேடுவது மூலப்பெயரை வைத்துத்தான்.